ஜம்மியா

நாற்பத்தொரு பிள்ளைகள். எல்லா முகமும் பலகைக்கு,
எல்லாப் பிடரியும் பின்னால் இருப்பவருக்கு.
ஒன்றாம் வகுப்பிலிருந்து
ஒருவரையொருவர் பிடரியாகத்தான்
அறிந்து வைத்திருந்தார்கள்.

இன்று மேசைகளை இழுத்துப் போடச் சொன்னேன்.
ஃபஹாஹீல் பள்ளியின் இரண்டாம் மாடி அலறியது.
கீழே எட்டாம் வகுப்பு நடத்தும் வர்கீஸ் சார்
பேச்சை நிறுத்திக் கூரையைப் பார்த்திருப்பார்.

குழுவுக்கு நால்வர், ஆளுக்கொரு சீட்டு.
பாடம், கடல்நீர் குடிநீராவது.
அடுத்தவர் சீட்டைப் பார்க்கக் கூடாது.
சொல்லலாம், கேட்கலாம், வரைந்து காட்டலாம்.
கெஞ்சலாம் என்று யாரோ சேர்த்துக்கொண்டார்கள்.
மிஞ்சிய நாற்பத்தொன்றாமவள்
என் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு
நேரத்துக்கும் விதிக்கும் காவல் நின்றாள்.

பெயர் வைக்கச் சொன்னால்
சுறா, ராக்கெட், சிங்கம், மறுபடியும் சிங்கம்.
சன்னலோரக் குழு மட்டும் ஜம்மியா.
"நம்ம ஏரியா கூட்டுறவுக் கடை, மிஸ்.
எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு" என்றாள் குர்லீன்.
நமக்குக் கிடையாது என்பதை
நான் பாடத்தில் சேர்க்கவில்லை.

ஹஃப்ஸா முதல் ரேங்க். ஒரே மூச்சில்
கடலைக் குழாய்க்குள் கொண்டுவந்துவிட்டாள்.
சாத்விக் கொதிக்கவைத்தான்,
பத்து விரலாலும் ஆவி காட்டினான்.
கடைசிச் சீட்டுடன் குர்லீன்
தொட்டியைக் கழுவித் தயாராக வைத்திருந்தாள்.
நடுவில் ரிஜோ.

அவன் சீட்டில் நீளமாய் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்.
அதன்மேல் அவன் கட்டைவிரல்.
போன பருவம் முழுக்க அவன் என்னிடம் பேசியது
'பிரசென்ட்' மட்டும்.

"கொடு, நான் படிக்கிறேன்."
ஹஃப்ஸாவின் கை நீண்டது.
"விதி! விதி!" என்றது என் கைக்கடிகாரம்.
கை திரும்பிப் போனது.

பிறகு ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
இறங்க வழி தெரியாமல்
மூவர் தலைக்குமேலும் நின்றது ஆவி.
பதிலைச் சொல்லிவிட என் நாக்கு துடித்தது,
பதினாறு வருடப் பழக்கம்.
கடித்துக்கொண்டேன்.

"காலையில பஸ்ஸிலிருந்து இறங்கினா
என் கண்ணாடி மூடிக்குமே"
என்றான் ரிஜோ, மேசையிடம்.
"அது."
"எது?"
"அதான். காட்டவா?"

அனுமதி கேட்டார்களா, கொடுத்தேனா, நினைவில்லை.
கதவு திறந்து வராந்தாவில் நால்வரும்.
செப்டம்பர் கடைசி. கடல் தன் ஈரத்தையெல்லாம்
ஊருக்குள் கொண்டுவந்து கொட்டியிருந்த நாள்.
வகுப்பறைக் குளிரில் ஊறிய கண்ணாடி
பால் தெளித்ததுபோல் வெளுத்தது.
ஒன்றும் தெரியாமல் நின்று சிரித்தான் ரிஜோ.

"அது நான் கொதிக்கவைத்தது!" என்றான் சாத்விக்.
ஹஃப்ஸா இடது கண்ணாடியில் ஒரு கோடு இழுத்தாள்.
விரலை நாக்கில் வைத்தாள்.
யோசித்தாள்.
"உப்பே இல்லை!" என்று கத்தினாள்.

அதற்குமேல் வகுப்பு என் கையில் இல்லை.
சுறாக்கள் வந்தன. இரண்டு சிங்கங்களும் வந்தன.
கண்ணாடி போட்டவர்களுக்கு அன்று திடீர் மரியாதை.
போடாதவர்கள் வரிசையில் நின்று கடன் கேட்டார்கள்.

"என்ன சத்தம் இங்கே?"
தன் குளிரறையிலிருந்து வேகமாய் வந்த
சூப்பர்வைசர் லலிதாம்பிகா மேடம்
யார் எவரென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.
இரண்டு வில்லையும் வெள்ளை.
"மூன்றாம் சீட்டு" என்று மெல்லச் சொல்லி
நோட்டில் குறித்துக்கொண்டாள் குர்லீன்.

மணி அடித்ததும் மேசைகளைப்
பழைய வரிசைக்கே தள்ளினோம்.
அடுத்தது கணக்கு.
முன்பெஞ்சிலிருந்து ஒரு பிடரி திரும்பி
கண்ணாடியை இன்னொரு தடவை கேட்டது.

மாலையில் கடிகாரமில்லாத மணிக்கட்டைப் பார்த்தபோது
ஏப்ரலிலிருந்து என் வகுப்பில் இருப்பவளின் பெயர்,
பதிவேடு இல்லாமல்,
முதல்முறையாக நாக்கில் வந்தது.
தேஜல்.